வெட்டிவேரும் ஒரு பிரெஞ்சு பாட்டிலும்

ஆண்கள் போட்டுக்கொள்கிற செண்ட்டுகளைப் பற்றி அக்கறையாக எழுதுகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது மக்களே. அவர்களிடம் போய் "வெட்டிவேர் வாசனையில் ஒன்று வாங்கணும், எதை வாங்கலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பதில், கெர்லேன் கம்பெனியின் 'வெட்டிவேர்'. 1959இல் ழான்-பால் கெர்லேன் செய்தது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. லூக்கா டூரின் போன்ற பெரிய விமர்சகர்கள் இதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். பின்னால் வந்த வெட்டிவேர் செண்ட்டுகளை எல்லாம் இதன் பக்கத்தில் வைத்துத்தான் எடை போடுகிறார்கள்.

இவ்வளவு பெயருக்கு அது தகுதியானதுதானா? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

"டெல்லியில் கணக்கு எழுதுகிறவன் நீ, செண்ட்டைப் பற்றிப் பேச என்னய்யா தகுதி?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். சாணக்யபுரியில் ஒரு அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷமாக வரவு செலவு பார்க்கிற ஆசாமிதான் அடியேன். ஆனால் சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். எங்கள் மாவட்டத்தின் கடலோர மணல் பூமியில் வெட்டிவேர் ஒரு பயிர். நட்டு ஒரு வருஷம் போல விட்டு, மேலே உள்ள புல்லை அறுத்துவிட்டு, ஆழமாகத் தோண்டி, மணலை உதறி, வேரை அலசிக் காயப்போடுவார்கள். வெட்டி எடுக்கிற வேர், அதனால் வெட்டிவேர். ஆங்கில அகராதியிலும் பிரெஞ்சு அகராதியிலும் இந்தச் சொல் தமிழிலிருந்து வந்தது என்றே போட்டிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை இருந்த பாண்டிச்சேரிக்கு எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் உண்டு!

ஒருமுறை எங்கள் கட்டட லிஃப்டில் ஒரு பிரெஞ்சுக்காரரோடு ஏறினேன். சாந்தி பாத் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை, நாலு அடிக்கு ஒரு தூதரகம். அவரிடமிருந்து லேசாக ஒரு வாசனை வந்தது. என்ன செண்ட் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "வெத்திவேர்" என்றார். அது எங்கள் பாஷைச் சொல் என்றேன். நம்பவில்லை. அடுத்த வாரம் பார்த்தபோது, "அகராதியைப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னது சரி" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்க நடை ஒரு மாதிரியாகத்தான் இருந்தது :-)

நிற்க. அந்த பாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது போன வருஷம்.

பெரியவளுக்கு முதல் சம்பளம். இங்கே யஷ்வந்த் பிளேஸ் பக்கத்தில் சாணக்யா என்று ஒரு தியேட்டர் இருந்தது. பழைய டெல்லிவாசிகளுக்குத் தெரிந்திருக்கும். 2007 கடைசியில் அதை மூடி, பிறகு இடித்து, 2017இல் அதே இடத்தில் அதே பெயரில் ஒரு மால் வந்தது. அங்கேயெல்லாம் சுற்றி, விமர்சனங்களைப் படித்து, எனக்கென்று வாங்கி வந்தாள். விலையைக் கேட்டதும் தங்கமணி, "ரெண்டு மாசப் பால் கணக்கு!" என்றார். பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு என்னைத் தனியாகப் பிடித்து, "அப்பா, நெஜமாவே நல்லா இருக்கா? எனக்காகச் சொல்லக் கூடாது" என்றாள்.

முதல் சம்பளத்தில் வாங்கியதை நல்லா இல்லை என்று எந்த அப்பன் சொல்வான்? ஆனால் அவள் கேட்டது உபசார வார்த்தை இல்லை. சிறுவயதிலிருந்து அவளிடம் "ஊரார் சொல்றாங்கன்னு சொல்லாதே, நீ என்ன நினைக்கிறே சொல்லு" என்று நான்தான் படுத்தியிருக்கிறேன். அதனால் ஒழுங்காகப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு மாசம் வாய்தா வாங்கினேன்.

அளவுகோல் ஒன்று வேண்டுமே. நான் வேலை பார்க்கிற பேட்டைக்கே சாணக்கியர் பெயர்தான். தமிழ்நாடு இல்லம் இருக்கிற தெரு கௌடில்யா மார்க். அவரையே கேட்டுவிடலாம் என்று அர்த்தசாஸ்திரத்தைப் பிரித்தேன். (தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த சுவடியிலிருந்துதான் இந்த நூல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. ஷாமசாஸ்திரி 1909இல் அச்சிட்டார். ஆக இதிலும் நம் பக்கத்துக் கை உண்டு.) கஜானாவில் எதையெல்லாம் வைக்கலாம், அதன் தரத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு அத்தியாயம். முத்து, ரத்தினத்துக்குப் பிறகு சந்தனம் வருகிறது. நல்ல சந்தனத்துக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று பட்டியலே போடுகிறார் மனிதர். அதில் நாலை மட்டும் எடுத்துக்கொண்டேன். தோலோடு ஒட்டிப் போக வேண்டும். துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. வெயிலைத் தாங்க வேண்டும். மங்கிப் போகக் கூடாது. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் இதைவிட நல்ல கேள்விகள் இருப்பதாகத் தெரியவில்லை.

மே மாசம், வெளியே நாற்பத்து நாலு டிகிரி. பரீட்சைக்கு இதைவிடத் தோதான காலம் ஏது?

முதலில், தோலோடு ஒட்டிப் போகிறதா. அடித்த உடனே வெட்டிவேரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். எலுமிச்சை, பெர்கமாட் என்று புளிப்புப் பழத்தோல் வாசனைதான் முதலில் வரும். கால் மணி நேரத்தில் அது அடங்க, மிளகும் ஜாதிக்காயும் எட்டிப் பார்க்கும். கூடவே காய்ந்த புகையிலை மாதிரி ஒன்று. இவற்றுக்கு நடுவில் வேர் மெல்ல எழுந்து வரும். எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று தையல் தெரியாது. இதில் முழு மதிப்பெண்.

இரண்டாவது, துருத்தாமல் இருப்பது. மெட்ரோவில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. கைகுலுக்கும் தூரத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரிகிறது. இப்போது வருகிற பல செண்ட்டுகள் ஆள் வருவதற்கு முன்னால் வந்து, போன பிறகும் லிஃப்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இது அப்படியில்லை. சலவை செய்து கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி ஒரு மரியாதை. இதிலும் முழு மதிப்பெண்.

மூன்றாவது, வெயில். டெல்லி வெயிலில் அந்தப் பழத்தோல் பகுதி பஸ் ஸ்டாப் போவதற்குள் ஆவியாகிவிடுகிறது. ஆனால் மீதி இருப்பது கெடவில்லை. இனிப்பான செண்ட்டுகள் வேர்வையோடு சேர்ந்தால் ஜிலேபிக் கடைப் பக்கம் நிற்கிற மாதிரி ஆகும். இது அப்படித் திகட்டவில்லை. பாதிக்கு மேல் போடலாம்.

நாலாவது, மங்காமை. இங்கேதான் அடி வாங்குகிறது. காலை எட்டரைக்கு அடித்தால் மதியம் டிபன் டப்பா திறக்கும்போது மணிக்கட்டை மூக்கோடு ஒட்டினால்தான் ஏதோ இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்த லேசான சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். ஆனால் ரெண்டு மாசப் பால் கணக்குக்கு ஒரு வேளை வாசனைதானா என்று எங்கள் வீட்டு நிதியமைச்சர் கேட்டால் பதில் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமை பழைய டெல்லி போனேன். சாந்தினி சௌக்கிலிருந்து தரீபா கலானுக்குள் நுழைந்தால் குலாப் சிங் ஜோரிமல் கடை. 1816இலிருந்து அத்தர் விற்கிறார்கள். கஸ் அத்தர் ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். வெட்டிவேருக்கு வடக்கே 'கஸ்' என்று பெயர், இதற்கும் நம் பாயசத்தில் போடுகிற கசகசாவுக்கும் சம்பந்தம் கிடையாது. கன்னோஜில் செம்புப் பானையில் வேரைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வாயைக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகு எரித்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு பாத்திரத்துக்கு இறக்குவார்கள். அந்தப் பாத்திரத்தில் சந்தன எண்ணெய் இருந்து அது வாசனையைப் பிடித்துக்கொண்டால் அத்தர். சேர்மானம் எதுவும் இல்லாத சுத்த வேரெண்ணெய் என்றால் 'ரூ கஸ்'. செம்பில் காய்ச்சுவதால் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். நூறு கிலோ காய்ந்த வேரிலிருந்து ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். அதனால்தான் அந்த விலை. (தெருவில் சல்லிசாக 'சுத்தமான ரூ கஸ்' என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.)

இடது மணிக்கட்டில் அத்தர், வலதில் கெர்லேன். அத்தர் மறுநாள் குளிக்கும்வரை இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குப் போட்டுப் போக முடியாது, அவ்வளவு கனம். ஈர மண், பாசி, வேர் எல்லாம் சேர்ந்து முகத்தில் அறைகிறது. சாணக்கியரின் இரண்டாம் கேள்வியில் அத்தர் பெயில்.

இன்னொரு சங்கதியும் இதில் உண்டு. வட இந்திய வேரும் தென்னிந்திய வேரும் ஒரே புல் இனம்தான், ஆனால் குணம் வேறு. வடக்கே காட்டில் தானாக வளர்வது பூத்து விதை விடும். தெற்கே நாம் பயிரிடுவது விதை போடாது, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். எண்ணெயும் வேறு. ஒருதிசைப்படுத்திய ஒளியை எண்ணெய் வழியாக அனுப்பினால் வடக்கு எண்ணெய் அதை இடப்பக்கம் திருப்பும், தெற்கு எண்ணெய் வலப்பக்கம் திருப்பும். ஹைதி, ஜாவா, ரீயூனியன் என்று செண்ட் கம்பெனிகளுக்கு எண்ணெய் தருகிற ஊர்களில் வளர்வது தெற்கு வகைதான். ஆக, அந்த பிரெஞ்சு பாட்டிலில் இருப்பது டெல்லிக்காரனின் கஸ் இல்லை, நம் வீட்டு வேரின் ஒன்றுவிட்ட சொந்தம். தமிழ்நாட்டு விவசாயிகளிடம் வெட்டிவேர் வாங்குவதாகவும் கெர்லேன் கம்பெனியே சொல்லியிருக்கிறது.

இந்தப் பரீட்சை நடந்தபோது அம்மா எங்களோடு இருந்தார். அப்பா போனபிறகு முதல்முறையாக ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு டெல்லிக்கு வந்திருந்தார். இங்கேயே இருந்துவிடுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கோ பொழுது போகவில்லை. மலை மந்திருக்குக் கூட்டிப் போனேன், தமிழ்ச் சங்கத்துக்குக் கூட்டிப் போனேன். எல்லாவற்றுக்கும் "ம்" தான். ஒருநாள் சொன்னார், "இந்த ஊர்ல எதுக்கும் ஒரு வாசனை இல்லடா. மல்லி கூட சும்மா வெள்ளையா இருக்கு."

பெண் பாட்டிலைப் பாட்டியிடம் கொண்டுபோனாள். (கடலூர் வழக்கப்படி 'ஆயா' என்று கூப்பிட வேண்டும். டெல்லியில் ஆயா என்றால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரம்மா. அதனால் எங்கள் வீட்டில் பாட்டி ஆகிவிட்டது. இங்கே வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது புரியும்.)

"பாட்டி, இது பேரு வெத்திவேர். பாரீஸ்."

"வெட்டிவேராடி? அதை எதுக்கு பாட்டில்ல போட்டு வச்சிருக்கான்?"

புறங்கையில் அடித்துவிட்டாள். அம்மா முகர்ந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி முகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வேரு இருக்கு. தண்ணி இல்லியே."

நான் ஒரு மாசமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நமக்கெல்லாம் வெட்டிவேர் வாசனை எங்கே பழக்கம்? மண்பானைத் தண்ணீரில் முடிந்துபோட்ட சின்னக் கட்டு. வெயிலில் வந்து செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும்போது தொண்டை வழியாக வருகிற வாசனை. ஜன்னலில் தொங்கும் தட்டியில் தண்ணீர் தெளித்ததும் உள்ளே வருகிற காற்று. வடக்கேயும் இதே கதைதான். அக்பர் காலத்தில் கஸ் தட்டி கட்டித் தண்ணீர் விட்டதை அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். டெல்லியில் கூலருக்குக் கஸ் தட்டி வைக்கிற பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. தண்ணீர் பட்டால்தான் அது நமக்கு வெட்டிவேர். உலர்ந்த வேர் கடையில் கிடக்கிற சரக்கு, அவ்வளவுதான்.

ழான்-பால் கெர்லேன் செய்தது இதற்கு நேர் எதிர்த்திசை. வேரிலிருந்து ஈரத்தைத் துடைத்தெடுத்துவிட்டு, புளிப்பும் மிளகும் புகையிலையும் கொடுத்து உலர வைத்தார். ஈர வாசனையோடு ஒருவன் அலுவலகத்துக்குப் போக முடியாது. காயாத சட்டை போட்டு வந்தவன் என்று நினைப்பார்கள். வேர் என்று தெரிய வேண்டும், ஆனால் சேறு தெரியக் கூடாது. இது லேசான வேலையில்லை. வெட்டிவேர் எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள். முழுசாகச் செயற்கையாகச் செய்து கட்டுப்படியாகாத சரக்குகளில் அதுவும் ஒன்று. முன்பெல்லாம் அதை அடியில் வைத்து மற்ற வாசனைகளைப் பிடித்து நிறுத்தத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். 1921இல் வந்த ஷனேல் நம்பர் 5இல்கூட வெட்டிவேர் அப்படித்தான் ஒளிந்திருக்கிறது. 1957இல் கார்வென், 1959இல் ஜிவான்ஷி, கெர்லேன் என்று ஐம்பதுகளின் கடைசியில்தான் அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்து பெயரையும் வைத்தார்கள். அந்த மூன்றில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது கெர்லேன்.

ஆகவே தீர்ப்பு. அலுவலகம் போகிற ஆணுக்கான, அடக்கமான, நன்றாகத் தைத்த வாசனை என்ற முறையில் அதற்குக் கிடைத்த பெயர் நியாயமானதுதான். சாணக்கியரின் நாலு கேள்வியில் இரண்டில் முழுசாக, ஒன்றில் பாதிக்கு மேலாக, ஒன்றில் மட்டும் தோல்வி. ஆனால் 'வெட்டிவேர் என்றால் இதுதான்' என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வெட்டிவேரை வைத்துச் செய்த ஒரு நல்ல காரியம். வெட்டிவேருக்கு அளவுகோல் ஆகாது. அந்த அளவுகோல் பானைக்குள் இருக்கிறது. பெரிய விமர்சகர்களின் மூக்கில் குறையில்லை. அவர்கள் அந்தப் பானையில் தண்ணீர் குடித்து வளரவில்லை, அவ்வளவுதான்.

பெண்ணிடம் இதை அப்படியே சொன்னேன். "அப்ப காசு வேஸ்ட் இல்லைதானே?" என்றாள். இல்லை என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்னதில்லை. அவளுக்கு இதில் வேறொரு சங்கடம் இருந்தது. "பாட்டி சொன்ன தண்ணி எனக்குத் தெரியலையேப்பா" என்றாள். எப்படித் தெரியும்? நாங்கள் வளர்த்தது ஃபில்டர் தண்ணியில். அவளுக்கு வெட்டிவேர் முதலில் அறிமுகமானதே அந்த பாட்டிலில்தான். பத்து வருஷம் கழித்து எங்கேயாவது அசல் வேரை முகர்ந்தால், "அட, அப்பாவோட செண்ட் மாதிரி இருக்கே" என்றுதான் சொல்லுவாள். முதலில் நினைத்தபோது கொஞ்சம் வலித்தது. யோசித்துப் பார்த்தால், ஒன்றும் தெரியாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

மே கடைசியில் ஒரு மண்பானை வாங்கினோம். ஊரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் ரயிலில் வேர்க் கட்டு கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அலசி, நூலால் கட்டி, பானையில் போட்டார். பெண் குடித்துப் பார்த்துவிட்டு முதலில் "மண்ணு மாதிரி இருக்கு பாட்டி" என்றாள். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் பாட்டிலை விட்டுவிட்டுப் பானைக்கே போனாள்.

இதனால் எல்லாம் அம்மா டெல்லியில் தங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஜூலையில் டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். நானும் தங்கமணியும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "உங்க மேல ஒண்ணும் குறையில்லடா. அங்க கதவைத் திறந்தா எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். எழுபத்தாறு வயதில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுகிறோம். எனக்கு மனசு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. வெளியூரில் பிழைக்கிற உங்களில் பலருக்கும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் சின்ன சாம்பிளாக வாங்கி, காகிதத்தில் இல்லாமல் தோலில் போட்டு, அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். கடைக்காரர் நீட்டுகிற காகிதத்தில் எலுமிச்சைதான் தெரியும். தாங்க வேண்டும் என்றால் சட்டைக் காலரின் உட்பக்கம் ஒரு தடவை அடிக்கலாம், மாலைவரை கொஞ்சம் நிற்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தால் கூடவே ஒரு கட்டு வேரும் வாங்கிப் பானையில் போடுங்கள். அந்த வரிசையில் இரண்டையும் முகர்ந்தால்தான் பிரெஞ்சுக்காரர் செய்த கெட்டிக்காரத்தனமும் விளங்கும்.

டிஸ்கி: மேலே சொன்ன பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. தங்கமணிக்குத் தெரியாமல் பெண்தான் அடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறாள். ஆண்களுக்கானது என்று அட்டையில் போட்டிருப்பதை அவள் படித்ததாகத் தெரியவில்லை :-)